வெறுங்கைக்கு ஒரு லகான்

கோமளவல்லி: கைய மூடுங்கண்ணா. நல்லா மூடி இழுங்க.

பக்தவச்சலம்: மூடிட்டேன்மா. இது... வழுக்குது.

கோமளவல்லி: தோலு வாரு இல்ல? புதுசுல வழுக்கத்தான் செய்யும்.

அனிதா: வாரு வழுக்கல அண்ணி. அவரு புடிக்கறதே பூனைக்குட்டிய புடிக்கற மாதிரி கீது. ஏண்ணா, கடையில நின்னுகினு புடிக்கறதுக்கே இப்டின்னா, குதிரை மேல ஏறுனா?

பக்தவச்சலம்: ஏறுனா இறுக்கிப் புடிச்சிப்பேன்மா.

அனிதா: லகானையா?

பக்தவச்சலம்: குதிரை கழுத்த.

கோமளவல்லி: ஏய், சிரிக்காத. நீ மிஷின பாத்துத் தை. அண்ணா, இருவது வருசமா மாட்டுக் கயிறு கடை வெச்சிகினு இருக்கேன். மூக்கணாங்கயிறு கேட்டு வருவாங்க, சலங்கை கேட்டு வருவாங்க, சாட்டை கேப்பாங்க. லகான் கேட்டு வந்து, ஒவ்வொரு வாரையும் கையில சுத்திச் சுத்திப் பாத்துகினு, கண்ணாடி வளையல் வாங்க வந்த கல்யாணப் பொண்ணு மாதிரி அரை மணி நேரமா நிக்கறது நீங்க ஒருத்தர்தான்.

பக்தவச்சலம்: திருத்தணியில குதிரை வெச்சிருக்கறவனும் நான் ஒருத்தன்தானே.

அனிதா: இல்லண்ணா. இன்னும் ரெண்டு பேரு வெச்சிருக்காங்க. ஊருக்கெல்லாம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான்.

பக்தவச்சலம்: நீயும் அந்த வீடியோ பாத்துட்டியா?

அனிதா: எனக்கு மூணு க்ரூப்புல வந்துச்சி. சித்தூர் ரோட்ல குதிரை நிக்குது. நீங்க மட்டும் போய்கினே இருக்கீங்க.

பக்தவச்சலம்: அது ஏத்திச் சொல்றதும்மா. நான் ஒண்ணும் ரொம்ப தூரம் போகல. கரும்பு ஜூஸ் கடை வரைக்கும்தான் போனேன்.

கோமளவல்லி: அய்யோ... அடி பலமா?

பக்தவச்சலம்: எனக்கு ஒண்ணும் இல்ல. கரும்புக் கட்டு மேல விழுந்தேன். அந்தக் கடைக்காரருதான், ‘சாறு எடுக்க மிஷின் தேவையில்லண்ணா, தெனமும் இந்த நேரத்துக்கு வந்து விழுங்க’ன்னாரு.

அனிதா: அண்ணி, முடியல... எனக்குத் தையலு கோணிகினு போவுது.

கோமளவல்லி: நான் சொல்றத கேளுங்கண்ணா. ஒரு கிளவுஸ் வாங்கி மாட்டிக்குங்க. அப்புறம் எந்த வாரா இருந்தா இன்னா? கையில காயம் ஆவாது.

பக்தவச்சலம்: கிளவுஸ் வேணாம்மா.

கோமளவல்லி: ஏன்?

பக்தவச்சலம்: போட்டுப் பாத்தேன். கறுப்பு கிளவுஸ். காலங்காத்தால வெளிய வந்தா, எதிர் வூட்டு விஜயராகவன் சாரு ‘எங்க, பூட்டு ஒடைக்கவா’ங்கறாரு.

அனிதா: வெள்ளை போடறது?

பக்தவச்சலம்: அதுவும் போட்டேன். ‘எந்த பேண்டு செட்டுல சேந்துட்ட’ன்னு கேக்கறாங்க.

அனிதா: செவப்பு...

பக்தவச்சலம்: வெளையாடாதம்மா. வெறுங்கையில புடிக்கற மாதிரிதான் வேணும். கிளவுஸ் போட்டுட்டா குதிரை சொல்றது கைக்கு வராதாம். அது வாய்ல இருந்து வாரு வழியா சேதி வருமாம், போன்ல வர மாதிரி. எனக்கு வித்தவரு சொன்னாரு.

அனிதா: உங்களுக்கு வந்துச்சா? குதிரை இன்னா சொல்லுது?

பக்தவச்சலம்: ‘எறங்குடா’ங்குது.

கோமளவல்லி: சரி சரி, இந்தாங்க. இத புடிங்க. இது ரப்பர் சுத்துனது. புடிப்பு நல்லா இருக்கும்.

பக்தவச்சலம்: மொபெட்டு ஓட்டற மாதிரி கீது.

கோமளவல்லி: வழுக்காது. ஆனா உண்மைய சொல்லிடறேன். நம்ம ஊரு வெயில்ல இது பிசுபிசுன்னு ஆயிடும். வெறுங்கையில புடிச்சா ஒட்டிக்கும். கைய எடுத்தா தோலும் சேந்து வரும்.

பக்தவச்சலம்: அய்யோ, அது வேணவே வேணாம். தோலு ரொம்ப மெல்லிசு.

அனிதா: யாருக்கு? உங்களுக்கா? பந்தக்கால் நட்ட கைண்ணா அது.

பக்தவச்சலம்: ஆங்... வயசாயிடுச்சி இல்ல.

கோமளவல்லி: அப்ப இது. நைலானு. லேசா இருக்கும், அறுந்தே போவாது...

அனிதா: நைலான் வேணாம் அண்ணி.

கோமளவல்லி: ஏன்டி?

அனிதா: வேணாம். உள்ள வெச்சிடு.

கோமளவல்லி: மூணு மாசம் முன்ன அண்ணனுக்கு நைலான் வாரு தெச்சிக் குடுத்ததே நீதானே?

அனிதா: அதான் சொல்றேன்... வேற குடு.

பக்தவச்சலம்: எனக்கும் நைலான் வேணாம்மா. கை எரியும். சர்ருன்னு உருவிகினு போச்சின்னா உள்ளங்கையில கோடு போட்டுடும்.

கோமளவல்லி: ரெண்டு பேரும் சொல்லி வெச்ச மாதிரி பேசறீங்க. சரி, கடைசியா இது. பருத்தி நாடா. அம்மையார்குப்பத்துல எங்க நைனா வூட்டுத் தறியில ஓட்டுனது. ரெண்டு மடிப்பா தெச்சிருக்கு. வேர்வைய குடிச்சிக்கும், சூடு ஏறாது. அழுக்கானா துவைச்சிக் காயப் போட்டுடலாம். மழையில நனைஞ்சா மட்டும் கொஞ்சம் கனக்கும்.

பக்தவச்சலம்: மழை வந்தா நாங்க ரெண்டு பேருமே வெளிய போறதில்ல. இது இன்னா அகலம்?

கோமளவல்லி: ஒரு இன்ச்சு.

பக்தவச்சலம்: முக்கா இன்ச்சுல கெடைக்குமா?

கோமளவல்லி: முக்காலா? உங்க கைக்குள்ள அது அரைஞாண் கயிறு மாதிரி கெடக்கும்ணா. மெல்லிசா இருந்தா வெட்டும். பெரிய கைக்குப் பட்டையாதான் புடிக்கணும்.

பக்தவச்சலம்: பரவால்ல, முக்காலே போதும்.

அனிதா: அவருக்கு அவரு கை சின்னதுன்னு நெனப்பு.

கோமளவல்லி: எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலண்ணா. சாமியானா பந்தல், சேரு, அண்டா குண்டான்னு வாடகைக்கு வுட்டுகினு நிம்மதியா இருந்த மனுசன், குதிரைய எதுக்கு வாங்குனீங்க?

பக்தவச்சலம்: அந்த வாடகை நெனப்புலதாம்மா. முகூர்த்த நாள்ல இந்த ஊருல எத்தினி கல்யாணம்! மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லாரும் வெள்ளைக் குதிரை கேக்கறான். பந்தலும் நம்முது, சேரும் நம்முது, குதிரையும் நம்முதா இருந்தா இன்னான்னு ஒரு யோசனை. புத்தூரு பக்கம் போயி வாங்கியாந்தேன். பொட்டைக் குதிரை. பேரு பங்காரம்.

அனிதா: தெலுங்குல தங்கம்.

பக்தவச்சலம்: ஆங். அதுக்குத் தமிழே தெரியாது. ‘நில்லு நில்லு’ன்னு நான் தொண்டை கிழிய கத்தறேன், அது போய்கினே கீது. ‘ஆகு’ன்னு சொன்னாதான் நிக்கும்னு எனக்கு ஒரு மாசம் கழிச்சிதான் தெரியும்.

கோமளவல்லி: மாப்பிள்ளை அழைப்புக்குப் போச்சா, இல்லியா?

பக்தவச்சலம்: போச்சே. ஒரே ஒரு தடவை. மாப்பிள்ளைய ஏத்தியாச்சி, மாலை போட்டாச்சி. பேண்டு செட்டுக்காரன் டிரம்ம ஒரு தட்டு தட்டுனான். அவ்ளோதான். அதுக்கு மேளச் சத்தம் ஆகாதுன்னு வித்தவன் சொல்லவே இல்ல.

அனிதா: ஓடிடுச்சா?

பக்தவச்சலம்: மாப்பிள்ளையோட ஓடிடுச்சி. நேரா பைபாஸ் ஓரத்துல இன்னொரு மண்டபம் கீது பாரு, அதுக்குள்ள பூந்துடுச்சி. அங்க வேற கல்யாணம். ஆரத்தித் தட்டோட பொம்பளைங்க வாசல்ல நிக்கறாங்க. இவன் குதிரையில, மாலையும் கழுத்துமா வந்து நிக்கறான்.

கோமளவல்லி: அட கடவுளே!

பக்தவச்சலம்: பாதி சுத்திட்டாங்கம்மா. அப்புறம்தான் மூஞ்ச பாத்தாங்க.

அனிதா: அண்ணி, தண்ணி குடு... பொறை ஏறிடுச்சி.

பக்தவச்சலம்: அதோட குதிரை வாடகை முடிஞ்சிது. என் பொண்டாட்டி தேவகி என்னைப் பாத்துச் சொன்னா, ‘நூறு சேரு வாங்கிப் போட்டிருந்தா மூலையில அடுக்கி வெச்சிருக்கலாம். சேரு புல்லு கேக்காது, கொள்ளு கேக்காது, சாணி போடாது’ன்னு. நான் வீராப்பா, ‘வாடகைக்குப் போகாட்டி இன்னா, நானே ஓட்டறேன்’னுட்டேன். நான் தொண்ணூத்தி ரெண்டு கிலோ. அது திரும்பி என்னை ஒரு பார்வை பாத்துது பாரு...

அனிதா: அண்ணா, அண்ணா! கைய பாருங்க!

பக்தவச்சலம்: எந்தக் கை?

அனிதா: வலது கை! அந்தத் தோலு வாரு பக்கிளு முள்ளு குத்திகினு கீது. ரத்தம் வருது!

பக்தவச்சலம்: ஆங்? ...ஓ. ஆமா இல்ல. ஒண்ணும் இல்லம்மா, வுடு. ஒரு துணி குடு.

கோமளவல்லி: இந்தாங்க, இத சுத்திக்குங்க. இவ்ளோ ஆழமா குத்தியிருக்கு. வலிக்கலியா?

பக்தவச்சலம்: பேச்சு சுவாரசியத்துல தெரியல.

கோமளவல்லி: ...சரி. அண்ணா, ஒண்ணு பண்ணுவோம். கண்ண மூடுங்க.

பக்தவச்சலம்: எதுக்கு?

கோமளவல்லி: கண்ண தொறந்துகினு பாத்தா கலரு ஏமாத்திடும். எங்க நைனா நூலு வாங்கப் போனா கண்ண மூடிகினுதான் தொட்டுப் பாப்பாரு. மூடுங்க. வாரு தரேன். எது மெத்துனு கீதுன்னு கைய வெச்சே சொல்லுங்க.

பக்தவச்சலம்: சின்னப் புள்ள வெளையாட்டு மாதிரி கீது. சரி... மூடிட்டேன்.

கோமளவல்லி: இது எப்டி?

பக்தவச்சலம்: இது நல்லா கீதும்மா. மெத்துனு.

கோமளவல்லி: இது?

பக்தவச்சலம்: இது... கொஞ்சம் முரடு.

அனிதா: அண்ணி...

கோமளவல்லி: நீ சும்மா இரு. இதுண்ணா?

பக்தவச்சலம்: இது பரவால்ல. ஆனா மொதல்ல குடுத்தியே, அதான் நல்லாருந்துது. அது பருத்திதானே?

கோமளவல்லி: கண்ண தொறங்கண்ணா.

பக்தவச்சலம்: சரியா சொன்னனா?

கோமளவல்லி: மூணு தடவையும் ஒரே வாருதாண்ணா குடுத்தேன். ரப்பர்.

பக்தவச்சலம்: உங்க நைனா கெட்டிக்காரரும்மா.

கோமளவல்லி: எத்தினி நாளா இப்டி?

பக்தவச்சலம்: பன்னெண்டு வருசமா சர்க்கரை. டாக்டரு கால பத்திரமா பாத்துக்கன்னாரு. நானும் தெனமும் கால பாத்துகினே இருந்தேன். அது சத்தம் போடாம கையில வந்து ஒக்காந்துகினுச்சி.

அனிதா: ஒண்ணுமே தெரியாதா?

பக்தவச்சலம்: தெரியும், தெரியும். சூடு தெரியும். லேட்டா வரும். மணியார்டர் மாதிரி. டீ கிளாச கீழ வெச்ச பெறவு, ‘அடடா, சூடா இருந்துச்சி போல’ன்னு தோணும்.

கோமளவல்லி: சிரிக்கற விசயமாண்ணா இது?

பக்தவச்சலம்: காலு கதைய கேட்டா நீயும் சிரிப்ப. ஒரு நா செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம, பஸ் ஸ்டாண்டுல இருந்து வூடு வரைக்கும் ஒத்தச் செருப்போட வந்துட்டேன். தேவகி ‘எங்க இன்னொண்ணு’ன்னா. ‘வேண்டுதல்’னேன்.

அனிதா: ஒத்தச் செருப்புல ஏதுண்ணா வேண்டுதல்?

பக்தவச்சலம்: அவளும் அததான் கேட்டா.

கோமளவல்லி: அந்த வார கீழ வைங்கண்ணா.

பக்தவச்சலம்: ஏம்மா?

கோமளவல்லி: வைங்க. நான் உங்களுக்கு லகான் தர மாட்டேன். தோலும் தர மாட்டேன், பருத்தியும் தர மாட்டேன். கையில இருக்குதா இல்லியான்னே தெரியாத ஆளுக்கு லகான வித்துட்டு, நாளைக்கு நீங்க லாரிக்கு அடியில போனீங்கன்னா நான் எந்த மூஞ்ச வெச்சிகினு தேவகி அண்ணிய பாப்பேன்?

பக்தவச்சலம்: நான் விழறது ஒண்ணும் புதுசு இல்லியே. ஊரே பழகிடுச்சி.

அனிதா: நீங்க விழறத பத்தி இல்லண்ணா...

கோமளவல்லி: நீ இன்னாடி நடுவுல?

அனிதா: அண்ணா, பழைய வாரு இன்னா ஆச்சி? நான் தெச்சிக் குடுத்த நைலான் வாரு?

பக்தவச்சலம்: அதுவா... எலி கடிச்சிடுச்சி.

கோமளவல்லி: உள்ள வரும்போது தொலைஞ்சி போச்சின்னீங்க?

பக்தவச்சலம்: எலி கடிச்சி... எத்துகினு போயிடுச்சி.

அனிதா: நெசமா சொல்லுங்கண்ணா.

பக்தவச்சலம்: வாரு போனா போவுது, அத எதுக்கும்மா இப்ப...

அனிதா: போன மாசம் ஆட்டுக்கு வயிறு உப்பிகினுச்சின்னு மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். அங்க பங்காரம் நின்னுகினு இருந்துச்சி. நீங்க என்னைப் பாக்கல. செவுத்துப் பக்கமா திரும்பி நின்னுகினு இருந்தீங்க. நான் அது வாய பாத்தேன். ரெண்டு ஓரமும் கிழிஞ்சி... நாக்குகூட...

கோமளவல்லி: எங்கிட்ட ஏன்டி சொல்லல?

அனிதா: எப்டி அண்ணி சொல்றது? அந்த வார தெச்சது நான்தானே. நுனிய மெழுகுவத்தியில சுட்டு வுட்டேன். அது இறுகி கத்தி மாதிரி ஆயிடுச்சி. அன்னைக்கு இன்னொரு பார்ட்டி காத்துகினு இருந்தாங்கன்னு தேய்க்காம குடுத்துட்டேன். அதுதான் அறுத்துடுச்சி. அந்தக் குதிரை கண்ணுல தண்ணி வந்துகினே இருந்துச்சி. அதுல இருந்து நைலான் எடுத்தாலே எனக்குக் கை ஓடல. நீ கேக்கறப்பல்லாம் மிஷினு நைலான் எடுக்கல, ரிப்பேருன்னு சொல்லிகினு இருக்கேன்.

கோமளவல்லி: அடிப்பாவி! மெக்கானிக்க ரெண்டு தடவை வரவெச்சேனேடி! அவன் மிஷின்ல ஒண்ணும் இல்லன்னதுக்கு, வேல தெரியாதவன்னு திட்டி அனுப்புனேன்.

அனிதா: பயமா இருந்துச்சி அண்ணி.

பக்தவச்சலம்: பாப்பா... அனிதா. இங்க பாரு. வாரு வாய தொடவே தொடாதும்மா. வாய்க்குள்ள இருக்கறது கடிவாளத்து இரும்பு. அதுல வளையம். அந்த வளையத்துலதான் உன் வாரு மாட்டியிருந்துது. உன் தையலு ஒண்ணும் பண்ணல.

அனிதா: அப்ப?

பக்தவச்சலம்: என் கை பண்ணுச்சி.

கோமளவல்லி: ஒக்காந்து சொல்லுங்கண்ணா. ஸ்டூல இழுத்துக்குங்க.

பக்தவச்சலம்: அரக்கோணம் ரோட்ல போய்கினு இருந்தேன். அன்னைக்குத்தான் கொஞ்சம் ஒழுங்கா ஒக்காந்திருந்தேன். பின்னால ஒரு டிப்பர் லாரிக்காரன் ஹாரன வெச்சி அழுத்துனான். அது துள்ளுச்சி. நான் இழுத்தேன். கையில ஒண்ணும் தெரியல. வாரு நழுவிடுச்சோன்னு இன்னும் இழுத்தேன். அதுக்கும் தெரியல. இன்னும் இழுத்தேன். அது எப்பவோ நின்னுடுச்சிம்மா. நின்ன பெறவும் நான் இழுத்துகினே இருந்திருக்கேன்.

கோமளவல்லி: அய்யோ...

பக்தவச்சலம்: கேளு. அப்புறம் நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஆட்டோ ஸ்டாண்டு வழியா வந்து, அங்க ஆட்டோ ஓட்டற கஜபதி கிட்ட, ‘பாத்தியா, தொண்ணூத்தி ரெண்டு கிலோவும் சும்மா இல்ல, ஒரே இழுப்புல நிறுத்திட்டேன்’னு பெருமை பேசுனேன். அவனுங்க கை தட்டுனானுங்க. அது என் பக்கத்துலயே தலைய தொங்கப் போட்டுகினு நிக்குது.

அனிதா: அப்பவும் தெரியலியா?

பக்தவச்சலம்: வூட்டுக்கு வந்து கட்டுனேன். தேவகி பக்கெட்டுல தண்ணி கொணாந்து வெச்சா. அது வாய வெச்சிது. தண்ணி செவப்பாச்சி. அது வரைக்கும் இந்தக் கைய வெச்சி நான் காமெடி பண்ணிகினு இருந்தேன். டீ கிளாஸ் கத, செருப்பு கத. என் கை, என் காலு, நான் சிரிச்சா யாருக்கு இன்னா? அது இன்னா பண்ணுச்சி, பாவம்?

அனிதா: தேவகி அண்ணி திட்டுனாங்களா?

பக்தவச்சலம்: ஒரு வார்த்தை சொல்லல. அதான் பயமா இருந்துச்சி.

கோமளவல்லி: இவ்ளோ நடந்தும் மறுபடியும் லகான் கேட்டு வந்திருக்கீங்களே, உங்கள இன்னாண்ணா சொல்றது?

பக்தவச்சலம்: இது இரும்புல மாட்டறதுக்கு இல்லம்மா. இரும்ப எடுத்துட்டோம். இப்ப மூக்கு மேல ஒரு பட்டை, அதுல ரெண்டு பக்கமும் வளையம். வாய்க்குள்ள ஒண்ணுமே கெடையாது. அதுல மாட்டறதுக்குத்தான்.

கோமளவல்லி: எடுத்துட்டோமா? யாரு யாரு எடுத்தீங்க?

பக்தவச்சலம்: நான்தான்... எடுத்துட்டேன்.

அனிதா: ‘டோம்’னீங்க.

பக்தவச்சலம்: மரியாதைக்கு சொன்னேன்.

அனிதா: உங்களுக்கு நீங்களே மரியாதையா? அண்ணா, இந்த வாரு உங்களுக்கு இல்ல. முக்கா இன்ச்சு கேக்கறீங்க. தோலு மெல்லிசுங்கறீங்க. யாருக்கு? பையன் வந்திருக்கானா?

பக்தவச்சலம்: அவன் பெங்களூருல கீறான். குதிரைய போட்டோவுல பாத்தாலே தும்முவான்.

கோமளவல்லி: ஆள வெச்சி ஓட்டறீங்களா?

பக்தவச்சலம்: இல்லம்மா.

கோமளவல்லி: யாருன்னு சொன்னாதான் வாரு.

பக்தவச்சலம்: சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க.

அனிதா: யாரு மேல சத்தியம்?

பக்தவச்சலம்: பங்காரம் மேல.

கோமளவல்லி: இந்தக் கடைய தாண்டி ஒரு வார்த்தை போகாது. சொல்லுங்க.

பக்தவச்சலம்: அது... வாய்ப் புண்ணுக்கு மருந்து போடணும் இல்ல? ரெண்டு வேளை. நான் கிட்ட போனா மூஞ்ச திருப்பிக்கும். அப்டியே செவுத்தப் பாத்துகினு நிக்கும். தேவகி போனா மட்டும் குனிஞ்சி குடுக்கும். அவதான் பதினஞ்சி நாளு போட்டா. திட்டிகினேதான் போடுவா. ‘உன்னை வாங்குன நேரத்துல நூறு சேரு வாங்கியிருக்கலாம்’னு அது காதுலயே சொல்லுவா. அது தலைய ஆட்டும்.

அனிதா: தெலுங்குலயா திட்டுவாங்க?

பக்தவச்சலம்: அவ பொறந்த ஊரு நகரி. கோவம் வந்தா தெலுங்குதான். அதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சி.

கோமளவல்லி: சரி, மருந்து போட்டாங்க. அப்புறம்?

பக்தவச்சலம்: போன வாரம் விடியக்காலையில கண்ணு முழிச்சிப் பாக்கறேன், ஆளு பக்கத்துல இல்ல. பால் வாங்கப் போயிருப்பான்னு இருந்தேன். ரொம்ப நேரமா வரல. சேரு அடுக்கி வெச்சிருக்கற குடோனுக்குப் பின்னாடி போயி பாத்தா...

அனிதா: பாத்தா?

பக்தவச்சலம்: பொடவைய இழுத்துச் சொருகிகினு, பங்காரத்து மேல ஒக்காந்துகினு இருக்காம்மா. சேணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூக்குல துணிய சுத்தி, அதுல உன் நைலான் வார கட்டியிருக்கா.

கோமளவல்லி: தேவகி அண்ணியா?

அனிதா: கோயிலுக்குப் போறப்போகூட தலைய நிமித்த மாட்டாங்களே, அவங்களா?

பக்தவச்சலம்: நிமிந்துதான் ஒக்காந்திருந்தா. ஆறு சுத்து சுத்துனா. குடோன் செவுத்துக்குப் பின்னாடி நின்னு நான் எண்ணுனேன். நான் இத்தினி மாசத்துல ஒரு சுத்து முழுசா சுத்துனதில்ல.

கோமளவல்லி: விழுந்தாங்களா?

பக்தவச்சலம்: அவ எதுக்கு விழப்போறா? நிறுத்தணும்னா இழுக்கறதே இல்ல. ஒரு மூச்சு வுடறா, அது நின்னுடுது. ஆகுன்னுகூட சொல்லல.

அனிதா: உங்களப் பாத்துட்டாங்களா?

பக்தவச்சலம்: பாத்துட்டா. சட்டுனு எறங்கி, ரெண்டு கையையும் பின்னால மறைச்சிகினா. நான் இழுத்துப் பாத்தேன். உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சி செவந்து கெடக்குது. நைலானு.

அனிதா: அய்யோ, அத பண்ணது என் வாருதானா?

பக்தவச்சலம்: ஆங். அது உன் வாருதான்மா. அதுல மாத்தம் இல்ல.

கோமளவல்லி: அவங்களையே இட்டாந்திருக்கலாம் இல்லண்ணா? கையில புடிச்சிப் பாத்து எடுத்திருப்பாங்க.

பக்தவச்சலம்: வருவாளா? ‘நாப்பத்தெட்டு வயசுல பொம்பள குதிரை ஏறுதுன்னு பஸ் ஸ்டாண்டே சிரிக்கும், வாய தொறந்தீங்க...’ன்னு வெரல நீட்டுனா. கிளவுஸ் வாங்கித் தரேன்னேன். பால் சொம்ப எத்துகினு போறவ கையில கிளவுஸ் இருந்தா நாலு வூட்டுக்குத் தெரிஞ்சிடாதாங்கறா. அதான் வெறுங்கைக்கு இதமா ஒரு வாரு பாக்கலாம்னு நானே வந்தேன். வந்து பாத்தா, எது இதம்னு சொல்ல என் கைக்குத் துப்பு இல்ல.

கோமளவல்லி: குடுங்க இப்டி. அண்ணி கையும் என் கையும் ஒரே அளவுதான், போன பொங்கலுக்கு ஒரே சைசு வளையலுதான் எடுத்தோம். நான் புடிச்சிப் பாக்கறேன்... ம். பருத்திதான். ஆனா ஓரத்து மடிப்பு வெரலுக்கு நடுவுல உறுத்துது. அனிதா, இத பிரிச்சி உள்பக்கமா மடிச்சித் தைக்கணும்.

அனிதா: முக்கா இன்ச்சுல தரேன் அண்ணி. ஜாண் அளவுக்கு ஒண்ணா சின்னத் தோலு துண்டு குறுக்க வெச்சிடறேன், கை நழுவாது. ஏண்ணா... அரை மணி நேரமா உங்களப் பாத்து நாங்க அந்த சிரிப்பு சிரிச்சோமே. வாரு எனக்கு இல்லன்னு மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?

பக்தவச்சலம்: சொல்லியிருந்தா நீங்க அவளப் பாத்து இல்லம்மா சிரிச்சிருப்பீங்க? இந்த ஊருக்கு சிரிக்கறதுக்கு நான் ஒருத்தன் போதும்... யாராவது கேட்டா, என் கைக்குத்தான் தெச்சேன்னு சொல்லு.